அலை ஓய்ந்த பின்னரோ தலை முழுகுவது?

ஆண்டுதோறும் ஐப்பசி பிறந்தது முதல் தை பிறக்கும் வரையில் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரே வாசகம் ஓதப்பட்டு வருகின்றது. கோலாலம்பூரிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கும், சிங்கப்பூரிலிருந்து சிகாமட்டுக்கும், ஜோகூர் பாருவிலிருந்து பாகான் செராய்க்கும் அவ்வாசகமே சென்றுகொண்டிருக்கின்றது. "இப்போது வருடக் கடைசி, வேலை தலைக்குமேல் கிடக்கிறது, கொஞ்சம் ஓயட்டும், வருகிறேன்" என்பதே அது. ஓய்ந்ததும் வருவதாகச் சொன்னவர் ஓய்வதுமில்லை, வருவதுமில்லை. பழைய கணக்கு முடிந்தால் புதுக் கணக்குத் தொடங்கிவிடுகின்றது. தீபாவளிக்கு வராதவர் பொங்கலுக்கு என்கின்றார். பொங்கலுக்கு வராதவர் அடுத்த தீபாவளிக்கு என்கின்றார். அலை ஓய்ந்த பிறகு தலை முழுகலாம் என்று கரையில் நின்றவனைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லிச் சிரித்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று கூட்டமாகக் கரையில் நிற்கின்றார்கள்!

இதனைக் காலத்தின் கோலமென்று சிலர் சொல்லி அமைகின்றனர். நாம் அங்ஙனம் அமைய ஒருப்படோம். வேலைக்கும் வீட்டுக்கும் நேரும் வழக்கில் வேலையே எப்போதும் வெல்வதேன்? வேலையின் பக்கம் வாதாட மேலாளர் இருக்கின்றார். குறித்த தேதி இருக்கின்றது. தவறினால் தண்டனை இருக்கின்றது. வீட்டின் பக்கம் வாதாட யார் இருக்கின்றார்? தாய் தேதி குறித்து அறிவிப்பு அனுப்புவதில்லை. தந்தை சம்பளத்தைப் பிடித்து வைப்பதில்லை. கேளாதவருக்குக் கடன் தீர்ப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளும் கடனாளியைப்போலவே நாமும் நடந்துகொள்கின்றோம். வேலை வலிதாக இருப்பதனால் வீடு தோற்கவில்லை. வீட்டுக்காகப் பேச ஆளில்லாததனால் தோற்கின்றது. இக்கட்டுரை அந்த வழக்கில் வீட்டின் பக்கம் நின்று பேச முன்வருகின்றது.

வேலை பொய்யென்று நாம் கூறவில்லை. டிசம்பர் 31ஆம் நாளுக்குள் கணக்கர் ஏட்டை முடிக்க வேண்டும். கடைச் சிப்பந்தி இருப்புச் சரக்கை எண்ணி எழுத வேண்டும். தொழிற்சாலையில் ஆண்டு முடிவதற்குள் அனுப்ப வேண்டிய பெட்டிகள் மலைபோல் குவிகின்றன. சிங்கப்பூரில் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் இறுதிவரை பள்ளி விடுமுறை. ஆதலின் ஹோட்டல்களிலும் அங்காடிகளிலும் ஆள் நிற்க இடமின்றி வேலை நெருக்குகின்றது. 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட ஜோகூர் கடற்பாலத்தின்மீது அந்நாட்களில் வண்டிகள் நத்தைபோல் ஊர்கின்றன. அதே மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வேறு. கிளந்தானிலும் திரங்கானுவிலும் பகாங்கிலும் வெள்ளம் எழும்போது லாரி ஓட்டுநருக்கும் தாதியருக்கும் மின்சார ஊழியருக்கும் ஓய்வு ஏது? இவற்றை மறுப்பவன் உழைத்து அறியாதவன். ஆயினும், ஆண்டிறுதி திடீரென்று வானத்திலிருந்து குதிப்பதன்று. சென்ற ஆண்டும் அது டிசம்பரில்தான் வந்தது. வரும் ஆண்டும் டிசம்பரில்தான் வரும். தேதி தெரிந்து வரும் விருந்தாளியைக் கண்டு ஆண்டுதோறும் திடுக்கிட்டு நிற்பது அறிவுடையோர் செயலாகுமா?

இவ்விடத்தில் நம் முன்னோர் வரலாற்றில் ஓர் ஏட்டைப் புரட்டிப் பார்ப்பது நலம். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பெரும் வேலை நிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு ஒன்றையே அவர்கள் கேட்டதாகப் பலரும் எண்ணியிருக்கின்றனர். அவர்கள் வைத்த கோரிக்கைகளை எடுத்துப் பார்த்தால் வேறு பலவும் காணப்படும். சீனத் தொழிலாளர்க்கு ஒத்த கூலி வேண்டும்; பிள்ளைகளுக்கு நல்ல கல்வி வேண்டும்; கள்ளுக்கடைகளை மூட வேண்டும்; துரையையும் கிராணியையும் கண்டவுடன் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும்; நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். இவற்றோடு மற்றொன்றும் கேட்டனர்: உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போக உரிமை வேண்டும்!

தோழர்களே, இக்கோரிக்கையின் பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தங்கையைப் பார்க்க அண்ணன் லயத்துக்கு வருவதற்கு அந்நாளில் தோட்ட நிர்வாகத்தின் தயவு தேவைப்பட்டது. அந்தத் தயவைப் பிச்சையாக ஏற்க மனமில்லாமல், எழுத்தறியாத பால்மரத் தொழிலாளர் அதனை உரிமையென்று எழுதி வைத்தனர். வேலை நேரத்தைக் குறைப்பதும் உறவினர் முகத்தைக் காண்பதும் ஒரே பட்டியலில் இடம்பெற்றன. ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். அரசாங்கம் படையை அனுப்பியது, துப்பாக்கிகள் வெடித்தன, தொழிலாளர் உயிரிழந்தனர், தலைவராக நின்ற ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். அவ்வளவு விலை கொடுத்துக் கேட்கப்பட்ட உரிமை அது.

இன்று எந்தத் துரையும் வாயிற்கதவில் நின்று நம்மைத் தடுக்கவில்லை. பேருந்தும் இரயிலும் நெடுஞ்சாலையும் இருக்கின்றன. அன்று துரை சாத்திய கதவை இன்று நாமே உள்ளிருந்து சாத்திக்கொண்டு, திறவுகோலைத் தேடுவதாகப் பாசாங்கு செய்கின்றோம். இதைவிட நகைப்புக்கும் வருத்தத்துக்கும் உரியது வேறுண்டோ?

இனி, வழக்கமாகச் சொல்லப்படும் சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம்.

"லீவு கொடுக்கவில்லை" என்பது முதற் சாக்கு. கொடுக்காத முதலாளிகள் உண்டு. அவர்களைப் பின்னர்க் கவனிப்போம். ஆனால் கேளாமலே "கொடுக்கவில்லை" என்பவர் எத்தனை பேர்! தீபகற்ப மலேசியாவில் நடப்பிலுள்ள 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டப்படி, இரண்டாண்டுக்கு உட்பட்ட ஊழியர்க்கு ஆண்டுக்கு 8 நாளும், இரண்டு முதல் ஐந்தாண்டுக்கு உட்பட்டவர்க்கு 12 நாளும், ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவர்க்கு 16 நாளும் சம்பளத்தோடு கூடிய விடுப்பு உண்டு. சிங்கப்பூரில் முதலாண்டில் 7 நாள். அது ஆண்டுக்கொரு நாளாக ஏறி 14 வரை செல்லும். இவை குறைந்த அளவுகள். இவற்றுக்குக் கீழே எந்த முதலாளியும் இறங்கலாகாது. இவ்விடுப்பை உரிய காலத்துக்குள் எடுக்காவிடில் அது அழிந்துபோகும் என்பதையும் மலேசியச் சட்டம் சொல்கின்றது. முதலாளியே கேட்டுக்கொண்டு, ஊழியர் எழுத்து மூலம் இசைந்து, விடுப்பை விட்டுக்கொடுத்தால் மட்டும் அதற்கு ஈடாகப் பணம் பெறலாம். வாயால் "பரவாயில்லை" என்று விட்டுக்கொடுத்தவனுக்கு நாளும் இல்லை, பணமும் இல்லை, ஊரில் காத்திருந்தவருக்கு மகனும் இல்லை.

மற்றொரு செய்தியையும் நம்மவர் பலர் அறியார். மலேசியச் சட்டம் உறுதி செய்யும் 11 பொது விடுமுறைகளில் ஐந்து மட்டுமே மாற்றலாகாதவை: தேசிய நாள், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள் அல்லது கூட்டரசுப் பிரதேச நாள், தொழிலாளர் நாள், மலேசியா நாள் ஆகியன. மீதமுள்ள ஆறும் எவையென்று ஆண்டு பிறக்குமுன் முதலாளி வேலையிடத்தில் யாவரும் காண அறிவிப்பு ஒட்ட வேண்டும். தீபாவளி அந்த ஐந்தில் இல்லை. ஆகவே அது அந்த ஆறில் இருக்கின்றதா என்று பார்ப்பது நம் பொறுப்பு. அந்த அறிவிப்பு ஒட்டப்படும் காலம் எது? நாம் "தலைக்குமேல் வேலை" என்று தலை நிமிராமல் ஓடிக்கொண்டிருக்கும் இதே ஆண்டிறுதிதான். வரும் ஆண்டின் நன்னாளை நிர்ணயிக்கும் காகிதம் சுவரில் தொங்குகின்றது. அதன் கீழேயே நின்று தேநீர் அருந்துபவன் அதனைப் படிப்பதில்லை. பிறகு ஐப்பசியில் விதியை நோகின்றான்!

"நேரில் போகாவிட்டால் என்ன? பணம் அனுப்புகிறேன்" என்பது இரண்டாம் சாக்கு. பணம் தேவைதான், அதனை அனுப்பாதவனைவிட அனுப்புபவன் மேலானவன். ஆயினும் பணம் ஆளுக்கு ஈடாகும் என்ற கருத்து எங்கிருந்து வந்தது? கங்காணியின்கீழ்க் கப்பலேறி வந்த நம் பாட்டனார் மணியார்டர் அனுப்பினார், உண்மையே. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே கடல் கிடந்தது. மூன்றாண்டில் திரும்பலாமென்று வந்தவர்கள் முப்பதாண்டாகியும் திரும்ப வகையற்றிருந்தனர். போக முடியாதவர் பணத்தை அனுப்பினர். அந்தப் பணத்தோடு கண்ணீரும் சென்றது. சிங்கப்பூருக்கும் சிகாமட்டுக்கும் இடையே கடல் கிடக்கின்றதா? அரை நாள் வழியில் இருப்பவன், ஆறு கடல் கடந்தவன் செய்ததைச் செய்துவிட்டுத் தன்னை அவனோடு ஒப்பிட்டுக்கொள்வது தகுமா?

"நாள்தோறும் கைப்பேசியில் முகம் பார்க்கிறேனே" என்பது மூன்றாம் சாக்கு. இது நம் காலத்துக்கே உரிய புதுச் சாக்கு. ஆகையால் இனிமையாகவும் இருக்கின்றது. கைப்பேசி முகத்தைக் காட்டும். வீங்கிய காலைக் காட்டாது. "சாப்பிட்டேன்" என்ற சொல்லைக் கேட்பிக்கும். அடுப்பு இரண்டு நாளாக மூட்டப்படாததைக் காட்டாது. சர்க்கரை நோய்க்குக் கொடுத்த மாத்திரை பிரிக்கப்படாமலே அலமாரியில் இருப்பதையும், குளியலறைத் தரையில் பாசி பிடித்திருப்பதையும், மின்கட்டணச் சீட்டு எவருக்கும் புரியாமல் மேசையில் குவிந்திருப்பதையும் அது எங்ஙனம் தெரிவிக்கும்? முதியோர் கைப்பேசியின் முன் அமருமுன் முகங்கழுவித் தலைவாரிக்கொள்கின்றனர். பிள்ளை வருந்தலாகாதென்று சிரிக்கின்றனர். அச்சிரிப்பை நம்பித் திருப்தியடைபவன், ஏமாற விரும்பியே ஏமாறுகின்றான்.

"வெறுங்கையோடு எப்படிப் போவது?" என்பது நான்காம் சாக்கு. இதுவே எல்லாவற்றினும் கொடியது. ஊருக்குச் செல்வதென்றால் அனைவர்க்கும் புத்தாடை, பலகாரம், பட்டாசு, புதிய கார் அல்லது வாடகைக் கார், அண்டை வீட்டார் பார்க்கும்படியான பெட்டிகள் என்று ஒரு பட்டியல் போடுகின்றோம். அதற்காகக் கடன் வாங்குகின்றோம். கடனடைக்க மிகைநேர வேலை செய்கின்றோம். மிகைநேர வேலையினால் ஊருக்குப் போக நாளில்லை என்கின்றோம். வட்டம் முழுமையாகிவிட்டது! பெற்றோரைப் பார்ப்பதற்குப் பண்டிகைதான் வர வேண்டுமா? ஆடியில் ஒரு சனிக்கிழமை, நெரிசலற்ற பேருந்தில், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு சென்று நிற்கும் மகனை எந்தத் தாய் வாசலிலிருந்து திருப்பி அனுப்பினாள்? பண்டிகை நாளில் கூட்டத்தோடு வந்து கூட்டத்தோடு போகும் பிள்ளையைவிட, சாதாரண நாளில் வந்து திண்ணையில் இரண்டு மணி நேரம் அமர்ந்து பேசிய பிள்ளையே நினைவில் நிற்கின்றான்.

"ஓயாது உழைத்தால்தான் நம் சமூகம் முன்னேறும், ஊருக்கு ஓடும் பழக்கம் நம்மைப் பின்னுக்கு இழுக்கும்" என்று பெருமிதத்தோடு பேசுவோரும் உளர். இதனைச் சாக்கென்று ஒதுக்காமல் கொள்கையாகவே ஏற்று விடை கூறுவோம். உழைப்பை நாமும் போற்றுகின்றோம். ஆனால் இன்று குளிரூட்டிய அறையில் அமர்ந்து வேலை நெருக்கடியைப் பற்றிப் பேசுபவர், யார் உழைப்பினால் அந்த நாற்காலிக்கு வந்தார்? விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, இருளில் மரம் வெட்டி, மழை வந்தால் பாலும் கூலியும் போய், ஒரு பிள்ளையையாவது பள்ளிக்கு அனுப்பிய பெற்றோரின் உழைப்பினால் அன்றோ? ஏணியில் ஏறியவன் ஏணியைத் திரும்பிப் பார்ப்பது பின்னடைவு என்றால், அந்த முன்னேற்றத்துக்கு வேறு பெயர் வைக்க வேண்டும். 2023ஆம் ஆண்டு முதல் மலேசியச் சட்டம் வார வேலை நேரத்தை 48லிருந்து 45 மணியாகக் குறைத்தது. குறைந்த மூன்று மணியை எங்கே கொண்டுபோய்க் கொட்டினோம் என்று நம்மில் எத்தனை பேர் கணக்குப் பார்த்தோம்?

இனி முதலாளிமாருக்கு ஒரு சொல். பிறரை விட்டுவிடுவோம், நம் தமிழ் முதலாளிகளையே கேட்கின்றோம். உணவுக்கடையிலும் நகைக்கடையிலும் துணிக்கடையிலும் தீபாவளிக்கு முந்திய இரவு நள்ளிரவு வரை சிப்பந்தியை நிறுத்தி வைத்து, விடிந்ததும் "வீட்டுக்குப் போய் வா" என்பது விடுமுறையாகுமா? இரவு முழுதும் நின்றவன் எந்நேரம் எங்கே போய்ச் சேர்வான்? தமிழகத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்த தம்பிமார் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர்கள் வீடு கடலுக்கு அப்பால் இருக்கின்றது. ஊர் செல்லும் நாளோ பிறர் கையில் இருக்கின்றது. அவர்களுடைய கடவுச்சீட்டை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பது இரு நாடுகளிலும் சட்டத்துக்கு மாறானது என்பதை அறிந்தும் பூட்டுபவர் இருக்கின்றனர். தம் தாயின் படத்துக்கு மாலையிட்டுவிட்டு, பிறன் தாயிடம் அவன் போகும் வழியை அடைப்பவரை என்னென்பது!

மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் நம் தொழிலாளரே இதற்கு வழி கண்டிருக்கின்றனர். சீனப் புத்தாண்டில் தமிழரும் மலாய்க்காரரும் வேலையை ஏற்கின்றனர். நோன்புப் பெருநாளில் சீனரும் தமிழரும் ஏற்கின்றனர். தீபாவளியில் மற்ற இருவரும் ஏற்கின்றனர். எந்த அதிகாரியும் கற்பிக்காமல் ஒருவர்க்கொருவர் விட்டுக்கொடுத்து அமைத்துக்கொண்ட முறை அது. இம்முறையை ஆண்டிறுதி முழுமைக்கும் விரித்து, முறைப்பட்டியலை இரண்டு மாதம் முன்னதாக எழுதி ஒட்டினால், ஏடும் முடியும். ஊழியனும் ஊர் போய் வருவான். இதற்குப் பெரிய மூலதனம் வேண்டுவதில்லை. ஒரு தாளும் சிறிது நல்லெண்ணமும் போதும்.

பெற்றோரையும் நாம் விடுவதற்கில்லை. "என் மகனுக்கு மூச்சுவிட நேரமில்லை" என்று அண்டை வீட்டாரிடம் பெருமை பேசுவதும், அன்றிரவே அவன் வரவில்லையென்று அழுவதும் பொருந்துமா? வேலை மிகுதியைப் பதக்கம்போல் அணிவிக்கும் பெற்றோர், பிள்ளை அதனைக் கழற்றி வைத்துவிட்டு வருவானென்று எதிர்பார்ப்பது வீண். "வா" என்று சொல்லுங்கள். "உனக்கு வசதிப்பட்டால்" என்ற பின்னொட்டைச் சேர்க்காமல் சொல்லுங்கள்.

பெண்கள் செய்தி தனியே கூறத்தக்கது. ஊர் செல்லும் மூன்று நாளில் இரண்டரை நாள் கணவன் வீட்டுக்கு. மிஞ்சிய அரை நாள் அவள் பிறந்த வீட்டுக்கு. அந்த இரண்டரை நாளிலும் அவள் இருக்குமிடம் அடுக்களை. ஆண்டிறுதியில் அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ ஆணுக்கு இணையாக உழைத்துக் களைத்து வந்தவளுக்கு விடுமுறை என்பது வேறோர் அடுப்பின் முன் நிற்பது என்றாயிற்று. அவளைப் பெற்றவளும் வாசலைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கின்றாள்? ஓராண்டு இங்கென்றால் மறு ஆண்டு அங்கென்று சரிபாதியாகப் பகிர்வதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. ஆண்கள் ஒரு வேளை சமைத்தால் பண்டிகையின் பெருமை குன்றிப் போவதுமில்லை.

சென்றும் செல்லாதவர் சிலருளர். உடல் ஊரில் இருக்கும். கண் மடிக்கணினியில் இருக்கும். தந்தை ஒரு கதையைத் தொடங்குவார். மகன் "ஒரு நிமிடம்" என்று எழுந்து தொலைபேசியோடு முற்றத்துக்குப் போவான். கதை பாதியில் நின்றுவிடும். அக்கதையை முடிக்க இன்னொரு முறை வாய்க்கும் என்பதற்கு உறுதி யார் தருவார்? நான்கு நாள் இவ்வாறு இருப்பதைவிட, ஒரு நாள் முழுமையாக இருந்துவிட்டுத் திரும்புவது மேல். புறப்படுமுன் தன் வேலையை இன்னாரிடம் ஒப்படைத்தேன், இன்ன நாளில் மீள்வேன், அவசரமாயின் இன்னாரை அழைக்கவும் என்று எழுதி வைத்துவிட்டு வருபவனே வேலையையும் மதித்தவன், வீட்டையும் மதித்தவன்.

இறுதியாக ஒன்று. வீடு என்றுமிருக்கும் என்ற நம்பிக்கையிலேயே நாம் நாளைத் தள்ளுகின்றோம். நம் அனுபவம் அதற்கு மாறாக அன்றோ இருக்கின்றது? துண்டாடப்பட்டும், விற்கப்பட்டும், வீடமைப்புக்கு விடப்பட்டும் எத்தனை தோட்டங்கள் மறைந்தன! நாம் பிறந்த லயம் இருந்த இடத்தில் இன்று நெடுஞ்சாலையோ செம்பனையோ நிற்கின்றது. பள்ளிக்கூடம் வேறிடம் போயிற்று. கோயில் வேறிடம் போயிற்று. பெற்றோர் பட்டணத்து ஓரத்தில் மலிவு விலை அடுக்குமாடியின் நான்காம் மாடியில் இருக்கின்றனர். ஆகவே நமக்கு ஊர் என்பது இன்று மண்ணன்று; இரண்டொரு மனிதர். அவர்கள் இருக்கும் வரையில்தான் நமக்கு ஊருண்டு.

எளிய கணக்கொன்று போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு இருமுறை, முறைக்கு இரண்டு நாள் என்று செல்பவன் ஆண்டில் நான்கு நாளே பெற்றோரோடு இருக்கின்றான். எழுபது வயதுத் தாய் இன்னும் பத்தாண்டு வாழ்ந்தாலும் அவனுக்குக் கிடைப்பன 40 நாட்கள். ஒரு தீபாவளியைத் தவறவிட்டால் அவற்றில் இரண்டு போயின. கடைச் சரக்கில் ஒன்று குறைந்தாலும் இரவெல்லாம் எண்ணித் தேடும் நாம், இந்த இருப்பை ஒருமுறையாவது எண்ணினோமா?

தோழர்களே! வேலை தீர்ந்தபின் நாள் குறிப்பதென்பது என்றும் நடவாது. நாளைக் குறித்தபின் வேலையை அதற்கேற்ப வகுத்துக்கொள்வதே வழி. வரும் ஆண்டின் விடுமுறை அறிவிப்பு ஒட்டப்படும் நாளில் அதனை நின்று படியுங்கள். உங்கள் விடுப்பு எத்தனை நாளென்று கேட்டறியுங்கள். தேதியைத் தேர்ந்து, எழுத்தில் கொடுத்து, எழுத்தில் விடை பெறுங்கள். உடன் உழைப்போர் நன்னாளில் அவர் வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பின்னர் அத்தேதியை வீட்டுக்குத் தெரிவியுங்கள். தெரிவித்த தேதியில் சென்று வாசலில் நில்லுங்கள்.